உள்ளே ஆள் இல்லை

பூரணாங்குப்பம் குப்பு கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக மீன் விற்றதைப் பார்த்தவர்கள் பாகூர்ப் பக்கம் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். கூடைக்குப் பிறகு மொபெட், மொபெட்டுக்குப் பிறகு வாடகை ஐஸ் பெட்டி என்று வளர்ந்து, கடைசியில் கிருமாம்பாக்கத்தில் கடலூர் சாலையை ஒட்டி ஒரு நீலத் தகரக் கொட்டகை போட்டாள். கொட்டகைக்கு நடுவில் ஃப்ரீசர் அறை. இரண்டு தகடுகளுக்கு நடுவே நுரை அடைத்த சுவர், ஒரு சாண் கனத்தில் கதவு. சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் வந்து விசைப்படகுகள் கரையேறிவிட்டால், திரும்பக் கடலுக்குப் போகும்வரை இந்த அறைக்குள் இருப்பதுதான் மீன். அதனால் பங்குனி முழுக்க வஞ்சிரமும் கொடுவாவும் எறாவும் வாங்கி வாங்கி அடுக்குவாள்.

கணவன் காமாலையில் போய் வெகுகாலம் ஆகிறது. மகன் சிலம்பரசன் வேன் ஓட்டினான். அவன் கட்டிக்கொண்டு வந்த ஜெயப்பிரியா, புதுச்சேரியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தவள். அவள் வந்த பிறகு வில்லியனூரில் ஒரு கடை, பாகூரில் ஒரு கடை என்று வியாபாரம் விரிந்தது. கூடவே குழப்பமும் விரிந்தது. வில்லியனூரில் ஒருவருக்குத் தருவதாக ஒத்துக்கொண்ட மீனை கிருமாம்பாக்கத்தில் வேறு ஓட்டலுக்கு ஏற்றி அனுப்பியிருப்பார்கள். ஒரு தடைக்காலத்தில் எறாப் பெட்டிகள் காணாமலே போயின. ஃப்ரீசர் பூட்டுக்கு எத்தனை சாவி, யார் யாரிடம் இருக்கிறது என்பது யாருக்கும் தெரியவில்லை.

ஜெயப்பிரியாதான் லியோ பிரகாஷைக் கூட்டிவந்தாள். பழைய கம்பெனியில் அவளோடு வேலை பார்த்தவன். வில்லியனூர் மாதா கோயில் தெரு. இப்போது தனியாகத் தொழில் செய்தான். அரிசி மில், மருந்துக்கடை, பள்ளிக்கூடம் என்று சுற்றுவட்டாரத்தில் கேமராவும் நெட்டும் போட்டுக்கொடுப்பவன் அவன்தான்.

“எல்லாத்தையும் கிளவுடுல ஏத்திடலாம்மா,” என்றான் குப்புவிடம். “மூணு கடை கணக்கு, சரக்கு, ஃப்ரீசர் கூலிங்கு, கதவுப் பூட்டு, எல்லாம் ஒரே எடத்துல. இங்க ஒரு சின்ன பொட்டி மட்டும் இருக்கும். அது இங்க இருக்கறத அங்க சொல்லும், அங்க சொல்றத இங்க செய்யும். அவ்ளோதான். உப்புக்காத்துல துருப்புடிக்கறதுக்கு பெரிய கம்ப்யூட்டரெல்லாம் வெக்க வேணாம்.”

குப்பு எறா உரித்துக்கொண்டிருந்தாள். “ஒரே எடம்னா எந்த எடம்?”

“பம்பாய்ல. நம்ம மாரி ஆயிரம் பேரோடது அங்கதான் ஓடுது.”

“கதவு?”

“கார்டு காட்டுனா தொறக்கும்.”

“யாரு தொறக்கறது, பம்பாய்க்காரனா?”

“பொட்டி கேக்கும், அது தொறன்னு சொல்லும். நீங்க கண்ண மூடி தொறக்கறதுக்குள்ள வந்துடும்மா.”

“எங்கூட்டு கதவுக்கு இன்னாத்துக்குடா பம்பாய்ல போயி கேட்டுகினு.”

ஜெயப்பிரியா சிரித்துவிட்டாள். “அத்த, அப்பதான் யாரு எப்ப போனான்னு நமக்கு தெரியும். எறா போச்சே, எவன்னு தெரிஞ்சிதா?”

குப்பு அடுத்த எறாவை எடுத்து உரித்தாள்.

“நெட்டு அறுந்துட்டா இன்னா லியோ பண்றது?” என்று ஜெயப்பிரியாவே கேட்டாள்.

“சிம்மு ஒண்ணு போட்டுடறேன். கேபிள் போனா சிம்முல ஓடும். ரெண்டு வழி.”

“கரண்டு போனா?”

“ரெண்டு மாரி பூட்டு இருக்கு ஜெயா. ஒண்ணு கரண்டு போனா தொறந்துக்கும், ஒண்ணு மூடினே இருக்கும்.”

“மூடினே இருக்கறது போடு. மெயின அணைச்சிட்டு திருடறவனும் இருப்பான்.”

அப்படித்தான் போட்டார்கள். கதவின் உட்பக்கம் பழைய காலத்துத் தள்ளுகம்பி ஒன்று இருந்தது. புதுப் பூட்டுக்கு அது இடித்ததால் கழற்றிவிட்டார்கள். உள்ளிருந்து அழுத்தினால் வெளியே கணகணவென்று அடிக்கும் மணியையும் ஒயரோடு பிடுங்கினார்கள். அந்த இடத்தில் பச்சை நிறத்தில் ஒரு பட்டன் வந்தது. அழுத்தினால் கதவும் திறக்கும், குப்பு, சிலம்பரசன், ஜெயப்பிரியா மூன்று பேர் ஃபோனிலும் மணி அடிக்கும்.

ஒரு வருடம் எல்லாம் நன்றாகவே ஓடியது. மீன் காணாமல் போவது நின்றது. வில்லியனூர்க் கடையில் உட்கார்ந்தபடி கிருமாம்பாக்கத்தில் எத்தனை பெட்டி கொடுவா இருக்கிறது என்று ஜெயப்பிரியா சொன்னதை குப்புவே நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னாள்.

அடுத்த சித்திரையில் சாலை அகலப்படுத்தும் வேலை கொட்டகை வாசலுக்கு வந்தது. ஒரு ஜேசிபி பகலெல்லாம் மண்ணைத் தோண்டிப் போட்டது. வெயிலும் புழுதியும் சேர்ந்து, வெளியே நின்றால் மூச்சு முட்டியது. அன்று பிள்ளையார்குப்பத்தில் ஒரு மாணவர் விடுதி மெஸ்ஸுக்குச் சரக்கு போகவேண்டியிருந்தது. சிலம்பரசன் தன் கார்டைக் காட்டிக் கதவைத் திறந்து, மூடாமல் கட்டை ஒன்றை அண்டக்கொடுத்துவிட்டுப் பெட்டிகளை வேனுக்கு ஏற்றினான். லோடு ஏற்ற இருசப்பன் கூட நின்றான். கதவு திறந்துதானே இருக்கிறது என்று குப்பு, செருப்பை வெளியே விட்டுவிட்டு ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, கார்டைக் காட்டாமலே உள்ளே போனாள். சாயங்காலம் ஒரு கல்யாண வீட்டுக்குக் கொடுக்கவேண்டிய வஞ்சிரத்தைத் தனியாக எடுத்துவைக்க நினைத்தாள். அது கடைசி வரிசைக்குப் பின்னால் இருந்தது.

சிலம்பரசன் கடைசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அம்மா பின்கட்டில் இருக்கிறாள் என்று நினைத்தான். காலால் கட்டையைத் தள்ளினான். கதவு தன்னால் மூடிக்கொண்டது. கார்டைக் காட்டி, வேலை முடிந்ததென்று பதிந்துவிட்டு வேனை எடுத்தான். இருசப்பனும் வேனில் ஏறிக்கொண்டான். லியோ வைத்த பெட்டி கார்டைத்தான் எண்ணியது. ஒரு கார்டு போனது, ஒரு கார்டு வந்தது. ஆளை அது எண்ணவில்லை.

வாசலில் ஜேசிபி மண்ணுக்குள்ளிருந்து கறுப்புக் குழாய் ஒன்றை இழுத்துப் பிய்த்துப் போட்டதும் ஏறக்குறைய அதே நேரம்தான்.

வில்லியனூரில் மாதா கோயில் திருவிழாவுக்குக் கொடியேறியிருந்ததால் கடையில் கூட்டம். கூட்டம் கொஞ்சம் குறைந்தபோது, கல்யாண வீட்டு வஞ்சிரத்தைப் பற்றிக் கேட்க ஜெயப்பிரியா மாமியாருக்கு ஃபோன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது. சிலம்பரசனுக்குப் போட்டாள். அதுவும் அப்படியே. எறா உரிக்கும் சின்னபொண்ணுவுக்குப் போட்டாள். அதுவும்.

அவள் திரையைப் பார்த்தாள். கிருமாம்பாக்கம் என்ற கட்டம் பச்சையாக இருந்தது. கதவு: மூடியுள்ளது. உள்ளே: ஆள் இல்லை. குளிர்: மைனஸ் பதினெட்டு.

எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஒருவருக்குச் சங்கரா மீன் நிறுத்துக் கொடுத்தாள். காசு வாங்கிப் போட்டாள். திரும்பவும் பார்த்தபோது ஏதோ ஒன்று உறுத்தியது. அந்த எண் ஆடவில்லை. கம்ப்ரசர் ஓடி நிற்கும்போது அது கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். ஒரு வருடமாக அதைப் பார்த்துப் பழகியிருந்தாள். இப்போது சுவரில் எழுதியதைப் போல நின்றது.

லியோவுக்கு ஃபோன் போட்டாள்.

“லியோ, கிருமாம்பாக்கம் நம்பரு ஆடவே இல்ல.”

“லிங்க்கு போயிருக்கும் ஜெயா. ரோடு நோண்டறாங்க இல்ல? கடைசியா வந்தது அப்படியே நிக்கும்.”

“கடைசியா வந்ததுன்னா? இப்ப இருக்கறது இல்லையா இது?”

“இல்ல, லிங்க்கு போனப்ப இருந்தது.”

“சிம்மு இருக்குன்னியே.”

“அதான் எனக்கும் புரியல. டவரும் போச்சோ இன்னாவோ. ரெண்டும் ஒரே கேபிளா இருந்தா…”

அவள் திரையைத் திரும்பப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். “லிங்க்கு இல்லாதப்ப உள்ளாற பச்ச பட்டன அமுத்துனா கதவு தொறக்குமா?”

மறுமுனையில் லியோ எதையோ தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

“லியோ.”

“தெரியல ஜெயா,” என்றான். அவன் குரல் வேறு மாதிரி ஆகியிருந்தது. “அதுவும் மேல போயிட்டுத்தான் வரும். நான் செக் பண்ணல. உள்ள யாராச்சும்…”

“ஆள் இல்லன்னுதான் போட்டிருக்கு,” என்றாள். கடையை அப்படியே விட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

வில்லியனூரிலிருந்து கிருமாம்பாக்கம் வரும்வரை அவள் என்ன நினைத்தாள் என்று பிறகு அவளுக்கே ஞாபகம் இல்லை. வழியில் ஒரு இடத்தில் வண்டியை நிறுத்தித் திரும்ப ஃபோன் போட்டுப் பார்த்ததும், வெயிலில் திரை தெரியாமல் துப்பட்டாவால் மூடிப் பார்த்ததும் மட்டும் நினைவில் இருந்தது.

கொட்டகை அமைதியாக இருந்தது. கம்ப்ரசர் ஓடும் சத்தம். சின்னபொண்ணு ஃப்ரீசர் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து எறா உரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சுவர் மட்டும்தான் அங்கே சில்லென்று இருக்கும்.

“அத்த எங்க?”

“சாப்புட போயிருக்குது போல. நான் சோறு துன்னுட்டு வந்ததுல இருந்து காணம். இன்னாம்மா, மொகமெல்லாம் ஒரு மாரி இருக்கு?”

ஜெயப்பிரியா ஃப்ரீசர் கதவைப் பார்த்தாள். கதவோரம் குப்புவின் செருப்பு கிடந்தது. இரண்டும் ஒழுங்காக, பக்கத்தில் பக்கத்தில்.

சின்னபொண்ணும் அதைப் பார்த்தாள். எறாத் தட்டு மடியிலிருந்து சரிந்து தரையில் கொட்டியது. “நான் இங்கயேதான் குந்திகினு இருந்தேன்,” என்றாள். “இங்கயேதான் இருந்தேன் ஜெயா. ஒரு சத்தம் வல்ல.”

ஜெயப்பிரியா கார்டைக் காட்டினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. திரும்பக் காட்டினாள். சிவப்பு. கதவில் கையால் அடித்தாள், காதை வைத்துக் கேட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. சின்னபொண்ணு ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினாள். கம்ப்ரசர் நின்றது.

“இப்ப தொறக்கும், இழு.”

“தொறக்காது,” என்றாள் ஜெயப்பிரியா. “கரண்டு போனா மூடினே இருக்கற பூட்டு அது. நான்தான் கேட்டு வாங்குனேன்.”

கடப்பாரை கொண்டுவந்து இடுக்கில் போட்டு இரண்டு பேரும் நெம்பினார்கள். கதவு அசையவில்லை. சின்னபொண்ணு கத்திக்கொண்டே சாலைக்கு ஓடினாள். ஜேசிபி ஓட்டும் தமிழ்க்குமரன் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். விழுப்புரம் பக்கத்து ஆள். அவனுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் பாட்டிலைப் போட்டுவிட்டு எழுந்தான்.

கொட்டகையின் முன்பக்கத் தகரத்தை வாளியின் பல்லால் கிழித்து வழி செய்துகொண்டு வண்டியை உள்ளே கொண்டுவந்தான். கதவின் கைப்பிடியிலும் கீலிலும் சங்கிலியைக் கோத்தார்கள்.

“உள்ள இருக்கறவங்க கதவாண்ட இருந்தா?” என்று கேட்டான்.

“வெளிய பாத்துதானே இழுக்கற, இழு,” என்றாள் ஜெயப்பிரியா. “சீக்கிரம் இழுப்பா.”

முதல் இழுப்பில் கைப்பிடி பிய்ந்து வந்தது. இரண்டாவது இழுப்பில் கதவு, சட்டத்தோடு, நுரை தெறிக்கப் பெயர்ந்து விழுந்தது. வெள்ளைப் புகை போலக் குளிர் தரையோடு ஓடி வந்தது. அந்தப் புகையோடு குப்புவும் வெளியே சரிந்தாள். கதவில் சாய்ந்துதான் உட்கார்ந்திருந்தாள்.

மீன் பெட்டி அட்டைகளைப் பிரித்து மேலெல்லாம் சுற்றி, ஐஸ் சாக்கைத் தலையில் போட்டிருந்தாள். கண் திறந்திருந்தது. புருவத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது. வலது கை விரல்கள் மெழுகு மாதிரி இருந்தன. அவள் நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் தேவலாம் என்று ஜெயப்பிரியாவுக்குத் தோன்றியது. கதவோரச் சுவரில் இருந்த பச்சை பட்டன் உள்வாங்கி உடைந்திருந்தது.

“அத்த,” என்றாள். “அத்த, நான்தான்.”

குப்பு அவளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சாலையில் கூட்டம் கூடி, கடலூரிலிருந்து வந்த பஸ் ஒன்று நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி வந்து பார்த்தார். வேறு எதுவும் கேட்கவில்லை, பஸ்ஸிலேயே தூக்கிப் போடச் சொன்னார். கடைசி சீட்டில் படுக்கவைத்தார்கள். புழுக்கத்தில் வியர்த்து வழிந்துகொண்டிருந்த பெண்கள் தங்கள் துப்பட்டாவையும் முந்தானையையும் கொண்டு அவளைப் போர்த்தினார்கள். ஒரு ஸ்டாப்பிலும் நிற்காமல் பஸ் பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனது.

சிலம்பரசன் வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. மெஸ்ஸில் இறக்கிவிட்டுப் பாகூர்க் கடைக்குப் போயிருக்கிறான். பாகூரில் யாரோ சொல்லித்தான் தெரியும். சட்டையில் மீன் தண்ணீர் காய்ந்திருந்தது. ஐசியு வாசலில் உட்கார்ந்திருந்த மனைவியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“உசுருக்கு ஒண்ணும் இல்லன்னாங்க,” என்றாள் ஜெயப்பிரியா. “கொஞ்சம் கொஞ்சமாத்தான் சூடு ஏத்தணுமாம். வெரலு ரெண்டு நிக்குமா நிக்காதான்னு இப்ப சொல்ல முடியாதாம்.”

அவன் தலையாட்டினான். “நான்தான் ஜெயா கட்டைய தள்ளிவுட்டேன்,” என்றான். “காலாலயே தள்ளிவுட்டேன். உள்ள ஒரு கொரலு குடுத்து பாத்திருக்கலாம்.”

“நீ எதுக்கு பாக்கணும். அதான் ஸ்கிரீன் பாக்குதுன்னு சொல்லி வெச்சிருந்தேனே.”

“நீ ஸ்கிரீன பாத்துகினுதான இருந்த?”

அவன் குற்றம் சொல்வதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டான்.

“பாத்துகினுதான் இருந்தேன்,” என்றாள்.

லியோ கொஞ்சம் தள்ளித் தூணோரம் நின்றுகொண்டிருந்தான். யாரும் அவனை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கடைசியில் அவனே பக்கத்தில் வந்தான். “டவருக்குப் போற கேபிளும் அதே பள்ளத்துலதான் போவுது,” என்றான். “இப்பதான் போயி பாத்துட்டு வரேன். ரெண்டு வழின்னு நெனச்சேன் ஜெயா. ரெண்டும் ஒரே குழியில.”

கதவில்லாத அறையில் சித்திரை வெயிலில் மீன் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். பூரணாங்குப்பத்திலிருந்து ஆட்கள் ஐஸ் பெட்டிகளோடு வந்து முடிந்ததை எடுத்துப் போட்டார்கள். மிச்சம் அழுகியது. ஆஸ்பத்திரியிலிருந்து யாரும் போய்ப் பார்க்கவில்லை.

குப்புவுக்கு வலது கையில் இரண்டு விரல்களின் நுனியை எடுத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு உறவுக்காரர்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். குப்புவின் நாத்தனார் ருக்குமணி கூடத்தில் உட்கார்ந்து எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“முதல்ல அந்த கம்ப்யூட்டர தூக்கி குளத்துல போடுங்க. கூட வேல பாத்தவன்னு ஒருத்தன கூட்டியாந்து கதவ பம்பாயில கட்டி வெச்சா இப்படித்தான் ஆவும். இன்னா எண்ணத்துல செஞ்சாங்களோ.”

ஜெயப்பிரியா உள்ளே கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். கரண்டி நின்றது. குப்பு ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தாள். கூடத்திலிருந்து குப்புவின் குரல் வரவில்லை. அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்தே மருமகளிடம் நேராகப் பேசவில்லை. வேணும், வேணாம், அவ்வளவுதான். அந்த அறைக்குள் என்ன நடந்தது என்று யார் கேட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தடைக்காலம் முடிவதற்குள் கொட்டகையைத் திரும்ப நிறுத்தவேண்டியிருந்தது. லியோ தானாக வந்தான். காசு வேண்டாம் என்றான். சிலம்பரசன் அவனோடு பேசவில்லை. எழுந்தும் போகவில்லை. ஜெயப்பிரியா ஒரு எறாப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“இத பழையபடி சாவி பூட்டா மாத்திட்டு போயிடலாம்,” என்றான் லியோ. “நீங்க சொல்றதுதான்.”

“சாவி போட்டா திரும்ப எறா போவும். மூணு கடையும் ஒண்ண ஒண்ணு பாக்காது. அதுக்கும் வழி வேணும்.” அவள் யோசித்து யோசித்துப் பேசினாள். “கணக்கு லேட்டா போனா இன்னா ஆவும் லியோ?”

“ஒண்ணும் ஆவாது. நெட்டு வந்ததும் போயிடும்.”

“ஆர்டரு?”

“அதுவும் அப்படித்தான்.”

“கதவு? கம்ப்ரசர்? உள்ள இருக்கறவங்க அமுத்தற மணி?”

லியோ தலையைக் குனிந்துகொண்டான். “அது லேட் ஆவக்கூடாது.”

“அப்ப அது இங்கதான் இருக்கணும். இந்தக் கொட்டாயிலயே முடிவாவணும். பம்பாயிக்கு செய்தி போவட்டும், உத்தரவு அங்கேர்ந்து வரக்கூடாது.”

“செய்யலாம். இங்கயே யோசிக்கற பொட்டி ஒண்ணு வெக்கணும். எட்ஜுன்னு சொல்லுவாங்க. அப்பவே தெரியும் ஜெயா எனக்கு. மீன் கொட்டாய்க்கு எதுக்கு அதுன்னு நெனச்சிட்டேன்.”

“கதவுக்கு உள்பக்கம் அந்தப் பொட்டியும் வேணாம்,” என்றான் சிலம்பரசன். அவன் பேசியது அதுதான் முதல் முறை. “கையால தள்ளுனா தொறக்கணும். கரண்டு, நெட்டு, பொட்டி எது செத்தாலும் தொறக்கணும்.”

“இரும்புக் கம்பி போட்டுடலாம்ணே. உள்ளேர்ந்து தள்ற கம்பிக்கு எதோட சம்மந்தமும் கெடையாது. மணிக்கும் தனி ஒயரு.”

“ரெண்டாவது வழி எதுல போவுதுன்னு நான் கூட வந்து பாக்கறேன்,” என்றாள் ஜெயப்பிரியா.

அடுத்த நாள் இருவரும் வெயிலில் பள்ளத்தோரமாகவே நடந்து, எந்தக் குழாய் எங்கே போகிறது என்று பார்த்தார்கள். கடைசியில் இரண்டாவது வழியைப் பாகூர்க் கடை மாடியிலிருந்து வானவழியாக ஒரு தட்டு ஆன்டெனா வைத்து வாங்கினார்கள். திரையையும் மாற்றினாள். செய்தி வராவிட்டால் கட்டம் சாம்பல் நிறமாகிவிடும். பழைய எண் அழிந்துவிடும். அந்த இடத்தில் ‘தெரியவில்லை’ என்று வரும். லியோ, ‘இணைப்பு இல்லை’ என்று போடலாமே என்றான். வேண்டாம், தெரியவில்லை என்றே இருக்கட்டும் என்றாள்.

புதுக் கதவு மாட்டிய அன்று, யாரும் எதிர்பார்க்காமல் குப்புவும் கொட்டகைக்கு வந்தாள். சின்னபொண்ணு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். குப்பு உட்காரவில்லை. கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

“நெட்டு ஒயர புடுங்கிடறேன், மெயினையும் எறக்கிடறேன்,” என்றான் லியோ. “ஒருத்தர் உள்ள போயி தள்ளி பாக்கணும். நான் போறேன்.”

“நான் போறேன்,” என்றாள் ஜெயப்பிரியா.

மீன் இன்னும் ஏற்றவில்லை. ஆனால் அறை குளிர்ந்திருந்தது. அவள் உள்ளே போய்த் திரும்பி நின்றாள். சிலம்பரசன் ஒயரைப் பிடுங்கி, மெயினையும் இறக்கினான். கம்ப்ரசர் நின்றது. லியோ கதவைத் தள்ளினான். கதவு பாதி வந்து எதிலோ இடித்து நின்றது.

குப்பு தன் காலைக் கதவு நிலையில் வைத்திருந்தாள்.

“அத்த, கால எடு. மூடாம எப்படி பாக்கறது?”

“மூடாமயே பாரு.”

“ஒரு நிமிசம்தான் அத்த.”

குப்பு காலை எடுக்கவில்லை. அவள் முகம் கோணியது. சின்னபொண்ணு பக்கத்தில் வந்து தோளைப் பிடித்தாள். அதை உதறிவிட்டு, திறந்திருந்த பாதிக் கதவு வழியே மருமகளைப் பார்த்தாள்.

“அந்த பட்டன அமுத்தி அமுத்தி பாத்தேன் ஜெயா,” என்றாள். “அமுத்துனா உன் ஃபோன்ல மணி அடிக்கும்னு நீதான சொன்ன. அடிக்குதுன்னுதான் நெனச்சேன். ஒவ்வொரு வாட்டி அமுத்தறப்பவும், இப்ப அவளுக்கு கேக்குது, இப்ப கேக்குதுன்னு நெனச்சிகினே அமுத்துனேன். நீ வல்ல.”

ஜெயப்பிரியா அசையாமல் நின்றாள்.

“வேணும்னுதான் வல்லன்னு நெனச்சேன். கேட்டுகினே சும்மா குந்திகினு இருக்கறன்னு நெனச்சேன். உன்ன அசிங்க அசிங்கமா திட்டுனேன். வாயி வெறைக்கற வரைக்கும் திட்டுனேன். கதவு பேந்து வந்து உன் மொகத்த பாத்தப்பகூட அப்படித்தான் நெனச்சிகினு இருந்தேன்.”

சிலம்பரசன் கையில் ஒயரைப் பிடித்தபடி நின்றான். சாலையில் ஒரு பஸ் போனது.

“ருக்குமணி சொன்னப்பகூட நான் வாயத் தொறக்கல,” என்றாள் குப்பு.

ஜெயப்பிரியாவின் வாயிலிருந்து புகை புகையாக மூச்சு வந்தது. நான் அப்படிச் செய்வேனா என்று கேட்கலாம். திரையில் ஆள் இல்லை என்றுதான் இருந்தது என்று திரும்பவும் சொல்லலாம். இரண்டும் வரவில்லை.

“கால எடு அத்த,” என்றாள் கடைசியில்.

குப்பு மெல்லக் காலை எடுத்தாள். கதவு மூடியது.

உள்ளே இருட்டு. இருட்டு மட்டுமில்லை, சத்தமும் இல்லை. தன் மூச்சு மட்டும் கேட்டது. கையை நீட்டினாள், கம்பி அகப்பட்டது. இரும்பு விரலைக் கடித்தது. தள்ளினால் போதும். அவள் தள்ளவில்லை. பட்டன் இருந்த இடத்தை மறு கையால் தடவினாள். அங்கே புதிதாக அடித்த தகடு வழுவழுப்பாக இருந்தது. அத்தை இங்கேதான் நின்றிருப்பாள். இப்படித்தான் காது கொடுத்துக் கேட்டிருப்பாள். ஜெயப்பிரியாவும் கேட்டாள். வெளியே உலகம் இருக்கிறது என்பதற்கு ஒரு அடையாளமும் இல்லை. குளிர் பாதத்திலிருந்து முழங்காலுக்கு ஏறியது. எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியவில்லை.

பிறகு கம்பியைத் தள்ளினாள். கதவு சட்டென்று திறந்தது. வெளிச்சம் கண்ணைக் குத்தியது.

எதிரே குப்பு நின்றிருந்தாள். கட்டுப்போட்ட கை ஓங்கியபடி இருந்தது. கட்டில் ரத்தம் கசிந்திருந்தது. சின்னபொண்ணும் சிலம்பரசனும் அவளை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு நேரமும் அவள் கதவை அடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். உள்ளே ஒன்றும் கேட்கவில்லை.

ஓங்கிய கை நிற்காமல் வந்து ஜெயப்பிரியாவின் மார்பில் விழுந்தது. இன்னொரு முறையும் விழுந்தது. பிறகு அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டது.